ரத்தக்கட்டும் ரத்தக் கொதிப்பும்: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பியவை. ரத்தம் சீக்கிரம் உறையும் பரம்பரைத் தன்மை ஒன்று, கர்ப்பத்தில் பி.பி. ஏறுவது வேறு. ரத்தக்கட்டியைத் தடுப்பது, ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஹெப்பாரின் ஊசி; ப்ரீ எக்லாம்சியாவை, அதாவது பாதிக் கர்ப்பத்துக்குப் பின் பி.பி. ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் நோயை, தடுக்க உதவுவது ஆஸ்பிரின். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

போன பிரசவத்தில் 32ஆவது வாரத்திலேயே ப்ரீ எக்லாம்சியா வந்தது. இப்போது 14 வாரம். ஆஸ்பிரின் எப்போது தொடங்க வேண்டும்?

இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். 75 முதல் 150 மி.கி., இரவில், 36 வாரம் வரை. 2017இல் வெளியான பெரிய ஆய்வில் 150 மி.கி. எடுத்தவர்களுக்கு, 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீ எக்லாம்சியா சுமார் 60 சதவீதம் குறைந்தது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு பி.பி. கொஞ்சம் அதிகமாக இருக்கிறதாம். பயப்பட வேண்டுமா?

கொஞ்சம் என்றால் எவ்வளவு? எத்தனையாவது வாரம்? சிறுநீரில் புரதம் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. எண்ணும் வாரமும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பொதுவாகச் சொல்கிறேன். நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். மேல் எண் 160ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால் அவசரம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். அளக்கும் முறையும் முக்கியம்: ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில், பேச்சு கூடாது. மேற்கையின் சுற்றளவு 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் கையில் சுற்றுவதற்குப் பெரிய பட்டை கேளுங்கள். சிறிய பட்டை, இல்லாத பி.பி.யைக் காட்டும். வீட்டில் அளப்பவர்கள், கர்ப்பிணிகளிடம் சோதித்துத் தேறிய கருவியா என்று பார்த்து வாங்குங்கள். சில கருவிகள் ப்ரீ எக்லாம்சியா உள்ளவர்களிடம் குறைத்துக் காட்டுகின்றன, அதுதான் பெரிய ஆபத்து.

சிறுநீரில் புரதம் இல்லை என்றால் ப்ரீ எக்லாம்சியா இல்லைதானே?

இல்லை என்று சொல்ல முடியாது. பி.பி.யோடு தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கல்லீரல் என்சைம்கள் இரு மடங்கானாலோ, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1ஐத் தாண்டினாலோ, விடாத தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தாலோ புரதம் இல்லாமலேயே அது ப்ரீ எக்லாம்சியாதான். வலது விலாவுக்குக் கீழே வலித்தால் வாயுத் தொல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு முறை 7ஆவது வாரத்தில் கரு கலைந்தது. இப்போது 20 வாரம். ரத்தப் பரிசோதனையில் புரோட்டீன் எஸ் 38 சதவீதம், எம்.டி.எச்.எஃப்.ஆர். பாசிட்டிவ். தினமும் ஹெப்பாரின் ஊசி போடுகிறேன். இது பி.பி.யையும் தடுக்குமா? குழந்தைக்கு ஆபத்தா?

இந்தக் கடிதம் வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. கோபம் உங்கள் மேல் இல்லை. இந்தப் பரிசோதனைத் தொகுப்பைக் கர்ப்பிணிகளிடம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் பழக்கத்தின் மேல்.

ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதமான புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில் இயல்பாகவே இறங்கும், பாதியாகக்கூட. 20ஆவது வாரத்தில் 38 என்பது பெரும்பாலும் கர்ப்பத்தின் எண்ணே தவிரக் குறைபாட்டின் எண் அல்ல. பிரசவம் முடிந்து குறைந்தது ஆறு வாரம் கழித்து, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எதுவும் எடுக்காத நிலையில் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை "பரம்பரைக் குறைபாடு" என்ற முத்திரை வேண்டாம். இதேபோல ஹெப்பாரின், உறைவைத் தடுக்கும் இன்னொரு புரதமான ஆன்டித்ராம்பினைக் குறைத்துக் காட்டும். உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின், புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். புதிதாகக் கட்டி வந்த சமயத்தில் எல்லாமே குறையும். எப்போது எடுத்தாலும் மாறாதவை, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் பரம்பரை மாறுபாடுகளைக் காட்டும் ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் ஆகிய மரபணுப் பரிசோதனைகள் மட்டும்.

எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாறுபாடு உலகில் கோடிக்கணக்கானோரிடம் இருப்பது. ரத்தக்கட்டுக்கோ கருச்சிதைவுக்கோ அதைக் காரணம் காட்டி மருந்து கொடுக்க ஆதாரம் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை எல்லோருக்கும் உள்ள 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமே இவர்களுக்கும்.

இனி ஊசி. பரம்பரை உறைவுத் தன்மை உறுதியானவர்களிடமே ஹெப்பாரினைச் சோதித்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த டால்டெபாரின் (ஒரு வகை ஹெப்பாரின்) ஆய்வில் ப்ரீ எக்லாம்சியாவும் குறையவில்லை, கருவிழப்பும் குறையவில்லை. திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களிடம் நடந்த 2023 ஆய்விலும் ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பிலும் குழந்தை பிறந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஊசி தேவைப்படுவது யாருக்கு? முன்பு கட்டி வந்தவர்கள், ஆன்டித்ராம்பின் குறைபாடு உள்ளவர்கள், ஃபேக்டர் ஃபைவ் லைடன் தாய் தந்தை இரு வழியிலும் வந்தவர்கள், இப்படிச் சிலருக்கு. அதுவும் தாயின் காலிலும் நுரையீரலிலும் கட்டி வராமலிருக்க.

உங்களுக்கு உண்மையில் பார்த்திருக்க வேண்டியது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடலின் எதிர்ப்பொருள்களே ரத்தத்தை உறையவைக்கும் கோளாறு அது; பரம்பரை நோய் அல்ல, இடையில் வருவது. கருவையும் கலைக்கும், ப்ரீ எக்லாம்சியாவையும் கொண்டு வரும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள் மூன்றையும் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்து பயன் தருகின்றன. ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் பரிசோதனை தவறாகக் காட்டலாம் என்பதால், ஊசி போடுவதைப் பரிசோதனைக் கூடத்தில் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். "எந்தக் காரணத்துக்காக, எதுவரை?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். குழந்தையைப் பொறுத்தவரை, ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது.

வயிற்றில் ஊசி போட்டால் குழந்தைமேல் குத்தாதா?

குத்தாது, அது தோலுக்கடியில் உள்ள கொழுப்போடு நிற்கும். தொப்புளிலிருந்து நான்கைந்து செ.மீ. தள்ளி, பக்கவாட்டில் தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்துங்கள். மருந்து முழுதும் இறங்கிய பிறகே மடிப்பை விடுங்கள். தேய்த்தால் கன்றிப்போகும். நிரப்பியே வரும் ஊசியில் முழு அளவும் போடுவதானால் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம், மருந்து வீணாகும்.

ஹெப்பாரின் போட்டுக்கொள்பவர்கள் பிரசவத்தின்போது முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கட்டி வராமலிருக்கப் போடும் தடுப்பு அளவு என்றால் கடைசி ஹெப்பாரின் ஊசிக்குப் பின் 12 மணி நேரம், வந்த கட்டிக்குப் போடும் சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். பிரசவ வலி தொடங்கினால் அடுத்த ஹெப்பாரின் ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உப்பை நிறுத்தினால் ப்ரீ எக்லாம்சியா வராதா?

உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்குக் கால்சியம் மாத்திரை உதவும்.

இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. டி-டைமர் பார்க்கலாமா?

கட்டி கரையும்போது ரத்தத்தில் கூடும் டி-டைமர், கர்ப்பத்தில் எல்லோருக்கும் ஏறும், அதை நம்ப முடியாது. டாப்ளர் ஸ்கேன், இன்றைக்கே. கர்ப்பத்தில் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும். ஒற்றைக் கால் வீக்கத்தைச் சாதாரணக் கால் வீக்கத்தோடு சேர்க்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு.

பிரசவமாகி ஐந்து நாள். பிரசவத்தோடு சரியாகிவிடும் என்றதால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். இன்று 158/104, தலைவலி.

இது கடிதம் எழுதும் நேரமா? உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பி.பி. உச்சத்துக்கு ஏறும், வலிப்பும் அப்போது வரலாம். மெக்னீசியம் சல்பேட் வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும்: முதலில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம் வீதம் 24 மணி நேரம், முழங்கால் அனிச்சையும் மூச்சும் சிறுநீர் அளவும் பார்த்தபடி. இது வீட்டில் நடக்கிற வைத்தியம் அல்ல. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபேக்டர் ஃபைவ் லைடன் உண்டு. பிரசவத்துக்குப் பின் எந்தக் கருத்தடை?

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. காப்பர்-டி சாதனமோ, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையோ சரி. கட்டி வரும் அபாயம் மிக அதிகமான காலம் பிரசவத்துக்குப் பின் வரும் ஆறு வாரங்கள் என்பதால், அப்போது ஹெப்பாரின் ஊசி தேவையா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டுமே தாய்ப்பாலுக்குத் தடையில்லை.