தம்பலகாமத்திலிருந்து பேராதனைக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பக்கத்தைக் கொஞ்சக் காலமாக வாசித்து வருகிறேன். நான் தம்பலகாமம். உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தமிழ்மொழி மூலம் எழுதிப் பேராதனை விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகிற முதல் ஆள் நான்தான். சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. “கோட்டாவில போறாய், கொழும்புப் பிள்ளைகளோட ஈடுகொடுக்க ஏலுமோ?” என்று சொந்தக்காரரே கேட்கிறார்கள். படிப்பெல்லாம் இங்கிலீஷில். பகிடிவதை (ராகிங்) பற்றியும் கேள்விப்படுகிறேன். பக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று அப்பா கேட்கிறார். போகமுதல் நான் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

ஒரு மாணவி,
தம்பலகாமம்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தக் கோட்டாக் கதையை முடித்துவிடுவோம். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி போகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அவற்றில் ஒன்று. பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைக்காமல் பிள்ளைகள் டவுனுக்கு ரியூசனுக்கு பஸ் ஏறுகிற ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதை யாரும் உங்களுக்குப் பிச்சையாகப் போடவில்லை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற இசட் புள்ளியின் வேலை உங்களை வாசலில் கொண்டுபோய் விடுவதோடு முடிந்தது. உள்ளே எழுதுகிற விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும், மாவட்டத்தின் பெயர் இருக்காது.

நம் பிள்ளைகளைச் சறுக்க வைப்பது வேறொன்று. உயர்தரத்துக்கு நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சேர் நோட்ஸ் தந்தார், ரியூட் தந்தார், பாஸ்ட் பேப்பரைப் புள்ளித்திட்டத்தோடு செய்வித்தார். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் எடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு விளங்கியதா இல்லையா என்று பார்ப்பது அங்கே உங்கள் வேலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நமது பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை 15 மணித்தியாலம். 3 கிரெடிட் பாடமென்றால் விரிவுரை 45 மணித்தியாலம், நீங்களாகப் படிக்க வேண்டியது 105 மணித்தியாலம். செமஸ்டரோ 15 கிழமையில் ஓடிவிடும். விரிவுரைக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தால் படித்தாயிற்று என்று நினைக்கிற பிள்ளை, பாடத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் செய்யவில்லை.

தமிழ்மூலம் வந்தவர்களுக்கு இதற்குள் இன்னொரு சிக்கல். முதல் கிழமைகளில் விரிவுரையில் பாதி விளங்காது. விளங்காத பாதியைக் கேட்கலாம் என்றால், இங்கிலீஷ் பிழைத்துவிடும் என்று வெட்கம். பின்வரிசையில் போய் இருப்பார்கள், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி வாய்மூடி இருந்தே முதல் வருடத்தில் பாடங்களைக் கோட்டைவிட்டதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பெரும்பாலான பீடங்களில், தவறிய பாடத்தை ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. நாலுக்கு இரண்டு புள்ளி. முதல் வகுப்புக்கு வேண்டிய ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, 3.70. எந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டம் செய்யலாம் என்பதற்கும் ஆரம்ப வருடங்களின் பெறுபேறுகளைத்தான் பார்ப்பார்கள். முதல் வருடம்தானே, பழகட்டும் என்று விடுகிற வருடமல்ல அது.

ஆகவே, விளங்காத அன்றைக்கே போய்க் கேளுங்கள். பிழையான இங்கிலீஷில் கேளுங்கள். விரிவுரை முடிந்து வெளியே வரும்போது கேளுங்கள். ஆய்வுகூடத்தில் உதவிக்கு நிற்கிற இளம் ஆசிரியர்களைக் கேளுங்கள், அவர்களும் சில வருடங்களுக்கு முன் அதே வாங்கில் முழித்தவர்கள்தான். பிறகு குப்பி இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது மூத்த மாணவரோ பட்ச்சில் நன்றாக விளங்கிய ஒருவரோ மற்றவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் பல்கலைக்கழகங்களில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. தமிழ்க் குப்பிக்கும் போங்கள், சிங்களப் பிள்ளைகள் வைக்கிற குப்பிக்கும் போங்கள். கன்ரீனிலும் கந்தோரிலும் கொஞ்சம் சிங்களம் வேண்டியிருக்கும், அது இப்படித்தான் வரும்.

இப்போது கையிலிருக்கும் மாதங்களில் இங்கிலீஷுக்கு என்ன செய்யலாம்? நீங்கள் கரைத்துக் குடித்த உயர்தரப் பௌதிகவியல், இணைந்த கணிதப் பாஸ்ட் பேப்பர்கள் ஆங்கில மொழிமூலத்திலும் இருக்கின்றன. அதே வருடம், அதே கேள்வி. அவற்றை எடுத்து ஆங்கிலத்திலேயே விடை எழுதிப் பழகுங்கள். விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி மட்டும்தான் புதிது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது உங்களுக்குப் பல மடங்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

பகிடிவதை. இதில் நான் மென்மையாகப் பேச மாட்டேன். “நம்மட அண்ணாமார், அக்காமார்தானே, பழகுவதற்காகத்தான்” என்று உங்களிடம் சொல்வார்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு வந்த வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவனைக் கடுமையான உடற்பயிற்சிகள் செய்ய வைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். குற்றம் சாட்டப்பட்டவர்களும் தமிழ் மாணவர்களே. அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ ஏற்பட்டால் 10 வருடம் வரை. பெயர் கேட்பது, ஊர் கேட்பது, ஒரு பாட்டுப் பாடச் சொல்வது வேறு. உங்கள் உடம்பையும் உடுப்பையும் போனையும் யாரோ ஒருவர் ஆளத் தொடங்கினால் அது குற்றம். அன்றைக்கே விடுதிப் பொறுப்பாளரிடமோ மாணவ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் நேரடியாக முறைப்பாடு எடுக்கிறது. சொன்னால் பட்ச்சில் ஒதுக்கிவைப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். ஒதுக்கினாலும் சொல்லுங்கள். வீட்டிலும் மறைக்காதீர்கள்.

காசு விசயம்: படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும் முதல் காசு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கான சாப்பாட்டுக் காசை வீட்டில் இப்போதே கதைத்து ஒதுக்குங்கள். மகாபொல கிடைக்காவிட்டால் பர்சரி என்கிற உதவிப்பணத்துக்கு விண்ணப்பியுங்கள். வருமானம், வதிவிடம் பற்றிய கடிதங்களுக்குக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும், கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கோணேசபுரி வளாகம் குறைந்த இடமல்ல. பிரயோக விஞ்ஞானமும் வணிகக் கற்கைகளும் சித்த மருத்துவமும் அங்கே இருக்கின்றன. அங்கே படிக்கத் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பெண்பிள்ளைகள் வந்து, நம் ஊரில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாமாரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் விரும்பிய பாடம் பேராதனையில் இருக்கிறது, போங்கள்.

பதிவு நாளன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பலகாமச் சந்தியில் கண்டி பஸ் ஏறினால் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போய்விடலாம். விடுதியையும் வளாகத்திலுள்ள குறிஞ்சிக்குமரன் கோயிலையும் அவர் கண்ணால் பார்க்கட்டும், விடுதிப் பொறுப்பாளரோடு இரண்டு வார்த்தை கதைக்கட்டும். பிறகு முதல் செமஸ்டரில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஓடிவராதீர்கள். போக்குவரத்திலேயே சனி, ஞாயிறு போய்விடும், நான் சொன்ன அந்த 105 மணித்தியாலத்தில்தான் கைவைக்கும். மாதம் ஒருமுறை வந்தால் போதும். அம்மாவோடு தினமும் போனில் கதையுங்கள்.

அன்புடன்,
அக்கா