அம்ப்ளிபயருக்கு எவ்வளவு, வித்துவானுக்கு எவ்வளவு?

கொக்குவிலிலிருந்து: அண்ணை, கர்நாடக சங்கீதம் மட்டும்தான் கேட்பன். ஐந்து லட்சம் சேர்த்திருக்கிறன். முழுக்க ஸ்பீக்கருக்குப் போடலாமோ?

போடாதீங்கோ தம்பி. மூன்றில் ஒரு பங்கோடு நிற்பாட்டுங்கோ. முதலில் அறை. எங்கட வீடுகளில் சீமெந்து நிலம், கொன்கிரீற்றுத் தட்டு, வெறுஞ்சுவர். நடுவில் நின்று ஒருக்கால் கைதட்டுங்கோ. 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் சுவருக்குச் சுவர் ஓடினால், அது எந்த விலை ஸ்பீக்கரிலும் கமகத்தின் (சுரத்தை அசைத்துப் பாடுவதன்) மேல் படியும். பனையோலைப் பாய் மெல்லிசு, காணாது. தடித்த பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாத்தி, புத்தக அலுமாரியைப் பக்கச் சுவருக்கு நகர்த்தித் திரும்பத் தட்டிப் பாருங்கோ. ஸ்பீக்கர் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னுக்கு, ருவீற்றர் (கீச்சொலி தருகிற சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரட்டும்.

மானிப்பாயிலிருந்து: கனடாவிலிருந்து மாமா அம்ப்ளிபயர் அனுப்பியிருக்கிறார். பிளக்கை மாத்தினால் காணுமோ?

காணாது, எரியும். அங்கே 120 வோல்ற், இங்கே 230. பின்பக்கம் வோல்ற் மாற்றும் சுவிச் இருந்தால் 230க்குத் தள்ளி, அதற்குப் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குப் பியூஸையும் மாற்றுங்கோ. சுவிச் இல்லையென்றால் வோல்ற் குறைக்கிற ட்ரான்ஸ்போமர். 300 வாற் இழுக்கிற பெட்டிக்கு 500 வீ.ஏ. (ட்ரான்ஸ்போமர் தாங்கும் அளவு) வேண்டும். இறுக்கமான அளவில் வாங்கினால் சூடேறும், மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி அடியில் சத்தம் தொய்யும்.

பருத்தித்துறையிலிருந்து: விலைகூடிய கேபிள்?

வேண்டாம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 5 மீற்றர், போக வர 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வீதமும் இல்லை. உங்கட பக்கத்து உப்புக்காற்றில் நுனி பச்சை பிடிக்கும். வருசத்துக்கு ஒருக்கால் வெட்டிப் புதிதாகச் சீவுங்கோ.

இணுவிலிலிருந்து: தட்சணாமூர்த்தியின் தவிலைப் பழைய பதிவில் கேட்க எந்த செற் திறம்?

அவர் காலமானது 1975இல். அந்த நாடாவில் ஏறாத ஒலியை எந்த செற்றாலும் வரவழைக்க ஏலாது. ஒற்றை மைக் பதிவென்றால் மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) போடுங்கோ, இரைச்சல் கொஞ்சம் அடங்கும். பிறகு திருவிழாவில் சுவாமி வெளிவீதி வரும்போது மேளகாரருக்குப் பத்தடிக்குள் நில்லுங்கோ. வலப்பக்கம் விரற்கூடு தெறிக்கிறதும் இடப்பக்கம் கழி இறங்குகிறதும் நெஞ்சில் படும். திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரராக இருந்தால் மின்விளக்கு அலங்காரத்தில் ஒரு வரிசையைக் குறைத்து, இன்னொரு சோடி தவிலுக்குக் குடுங்கோ.

சாவகச்சேரியிலிருந்து: ஸ்பீக்கருக்கு மூன்றில் ஒரு பங்கென்றால், மிச்சக் காசை என்ன செய்யலாம் அண்ணா?

வீட்டுக் கச்சேரி வையுங்கோ தங்கச்சி. மெத்தை சாத்திய அதே அறை, 25 பேர், பாட்டு, வயலின், மிருதங்கம், மைக்கே வேண்டாம். மின்விசிறிக் காற்று மிருதங்கத்தில் நேரே பட்டால் தோல் காய்ந்து சுருதி ஏறும், திசையைத் திருப்பிவிடுங்கோ. தம்புராவை ஒரு மணித்தியாலம் முன்னமே அறைக்குள் வைத்தால் சுருதி நிற்கும். சேர்க்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கோ: குதிரைக்கும் (தந்தியைத் தாங்குகிற கட்டை) தந்திக்கும் இடையில் ஒரு பருத்தி இழை, ஜீவா. அதை மயிரளவு நகர்த்த, மொட்டையாய் ஒலித்த தந்தி திடீரென்று ரீங்காரம் எடுக்கும். அதைக் காதில் ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கர் கடைக்குப் போனால் விற்பவர் உங்களை ஏமாற்ற ஏலாது.

அவரே மீண்டும்: நுண்கலை படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிடலாமோ?

கட்டாயம். ஆனால் 'மேடை தாறம்' என்று சொல்லிச் சன்மானத்தை விழுங்கக் கூடாது. பாடுகிறவர், பக்கவாத்தியம் எல்லோருக்கும் தனித்தனியாக முன்னமே கதையுங்கோ. மிருதங்கத்தைப் பஸ்ஸில் கொண்டுவர ஏலாது, ஓட்டோக் காசைப் புறம்பாகக் குடுங்கோ.