பாத்திரம் கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு ஆகுமா?

கேள்வி: பாத்திரம் கழுவும் தண்ணீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் செடிகள் நன்றாக இருந்தன. இப்போது கீரையின் இலை ஓரம் கருகுகிறது. பாத்தியில் மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. வாழை மட்டும் செழிப்பாக இருக்கிறது. இந்தத் தண்ணீரையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: கீரைப் பாத்திக்கு மட்டும் இன்றே நிறுத்துங்கள். வாழைக்குத் தாராளமாக விடலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் சோடியம்தான் காரணம். பாத்திரம் துலக்கும் பவுடர், சோப்புக்கட்டி பலவற்றில் சோடியம் கார்பனேட் எனும் சலவைச் சோடா இருக்கிறது. மண்ணில் சோடியம் சேரச் சேர, களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். காய்ந்ததும் மேலே ஓடு கட்டும். களிமண்ணில் இது சீக்கிரம் தெரியும். மணற்பாங்கான மண் கொஞ்சம் தாங்கும். எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் நீர் இறங்குவது இன்னும் கெடும். இலை ஓரம் கருகுவது உப்பு மிகுந்துவிட்டதைக் காட்டுகிறது.

கீரைக்கு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எச்சில், இறைச்சி, முட்டை பட்ட பாத்திரங்களின் தண்ணீரில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். கீரை, பச்சையாகத் தின்னும் காய்கள், முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்குகள் எதிலும் அது படக் கூடாது. நாற்றுகளுக்கும் தொட்டிச் செடிகளுக்கும்கூட ஊற்றாதீர்கள். தொட்டியில் உப்பு வெளியேற வழி குறைவு.

வாழை, கல்வாழை, வளர்ந்த மரங்கள் ஆகியவைதான் இதற்கு ஏற்றவை. தண்டை ஒட்டி ஊற்றாமல், ஓரடி தள்ளி வட்டமாகக் குழி எடுத்து, அதைச் சருகு, மரத்தூள், வைக்கோல் கொண்டு நிரப்பி அதற்குள் விடுங்கள். பிசுக்கையும் சோற்றுப் பருக்கையையும் அந்த மூடாக்கு பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிர்கள் அவற்றை மட்கச் செய்யும். மூடாக்கு மட்கி அமுங்கினால் புதிதாகப் போடுங்கள். இரண்டு மூன்று குழிகளுக்கு மாற்றி மாற்றி விட்டால் எதுவும் சேறாகாது.

வீட்டில் ஒரு சின்னப் பழக்கம் மாறினால் பாதி வேலை முடிந்தது. பிசுக்கான பாத்திரத்தை முதலில் துடைத்துவிட்டு, பிறகு கழுவுங்கள். பவுடருக்குப் பதில் திரவ சோப்பை அளவாகப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான தண்ணீரும் தோட்டத்துக்கே வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தனியாகப் பிடித்து உடனே எந்தச் செடிக்கும் ஊற்றலாம். சோப்புத் தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடாவிட்டால் அழுகி நாற்றமெடுக்கும்.

சரி, இறுகிப்போன பாத்தியை என்ன செய்வது? மண் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பாருங்கள். சோடியம் மிகுதி என்று தெரிந்தால், அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் போட்டுக் கொத்திவிட்டு, நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்ச வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும், தண்ணீர் அதை வேருக்குக் கீழே கொண்டுபோகும். வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் போட்டும் பயனில்லை, ஆகவே முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள். அப்புறம் நன்கு மட்கிய தொழு உரத்தைக் கலந்துவிட்டு, மண் பொலபொலப்பான பிறகு கீரை விதையுங்கள்.