கூட்டணி நாயகர்களும் டெல்டா வாசகர்களும்: கேள்வி–பதில்

அமெரிக்காவின் டிசி நிறுவனம் வெளியிட்ட, இரண்டு நாயகர்கள் கைகோக்கும் கூட்டணிக் காமிக்ஸ் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’. அது 2007இல் மறுபிறவி எடுத்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி பாராட்டு, மீதி சண்டை. சண்டைக் கடிதங்கள்தான் சுவாரஸ்யம் என்பதால் அவற்றுக்கே இந்த முறை கூடுதல் இடம்.

பழைய புத்தகக் கடையில் இந்தத் தொடரின் முதல் இதழ் என்று இரண்டு புத்தகம் கிடைத்தது. அட்டையும் வேறு, கதையும் வேறு. எது அசல்? (பாபநாசம் வாசகர்)

இரண்டுமே அசலாக இருக்கலாம். இந்தப் பெயரில் ‘1’ என்று எண் போட்டுப் பல தடவை வந்திருக்கிறது. 1955இல் தொடங்கியபோது இது சூப்பர் ஹீரோ புத்தகமே அல்ல. வைக்கிங் பிரின்ஸ், சைலண்ட் நைட், கோல்டன் கிளாடியேட்டர் என்று வாள் சுழற்றும் வீரர்கள்தான். 28ஆவது இதழில் (1960) ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோ குழு அறிமுகமானது. ஒரு இதழுக்கு இரண்டு நாயகர்கள் என்ற ஏற்பாடு 50ஆவது இதழில் (1963) வந்தது. 74ஆவது இதழிலிருந்து (1967) பேட்மேன் நிரந்தரப் பங்காளி ஆனார். 1983இல் 200ஆவது இதழோடு கடையைச் சாத்தினார்கள். 1991இலும் 1999இலும் ஆறு ஆறு இதழ்களாக இரண்டு குறுந்தொடர்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் 2007.

அட்டையை நம்பாதீர்கள். முதல் பக்கத்தின் அடியிலோ உள்ளட்டையிலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். மாதமும் வருடமும் அங்கே கிடைக்கும். விலையும் காட்டிக் கொடுத்துவிடும்: 1955 இதழ் 10 சென்ட், 2007 இதழ் 2.99 டாலர். பார்கோடு இருந்தால் 1970களின் நடுவுக்கு முந்தையது கிடையாது. ஒரு குழப்பம் மட்டும் உண்டு. அமெரிக்கக் காமிக்ஸில் அச்சிட்ட மாதம் கடைக்கு வந்த மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னே ஓடும். 2007இன் முதல் இதழில் ‘ஏப்ரல்’ என்றிருக்கும். கடைக்கு வந்தது பிப்ரவரியில்.

தனித்தனிக் கதைதானே கூட்டணிக் காமிக்ஸின் அழகு? 2007இல் ஏன் ஆறு இதழ் தொடர்கதையாக இழுத்தார்கள்? நடுவில் ஒன்று கிடைக்காமல் மண்டை காய்ந்துபோனேன். (திருவையாறு வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் திருவையாற்றுக்காரர், உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு ஊர் ஊராகப் போகும்போது அந்தந்த ஊர் சுவாமியும் சேர்ந்து புறப்படுகிறார் அல்லவா? கதாசிரியர் மார்க் வெய்ட் செய்தது கிட்டத்தட்ட அதுதான். முதல் இதழில் பேட்மேனும் கிரீன் லாண்டர்னும். இரண்டாவதில் பேட்மேன் விலகிக்கொள்ள, கிரீன் லாண்டர்னோடு சூப்பர்கேர்ள் சேர்ந்து வென்ச்சுரா என்ற சூதாட்டக் கிரகத்துக்குப் போகிறார். மூன்றில் பேட்மேனும் ப்ளூ பீட்டிலும். நான்கில் சூப்பர்கேர்ளுக்கு வாய்த்த துணை லோபோ என்ற அடாவடி ஆசாமி. ஐந்தில் பேட்மேன் 31ஆம் நூற்றாண்டுக்குப் போய் அந்தக் காலத்து நாயகர்களான லீஜன் குழுவிடம் மாட்டிக்கொள்கிறார். இவர்கள் எல்லோரும் துரத்துவது ஒரே பொருளை: நடந்ததும் நடக்கப்போவதும் எழுதப்பட்டிருக்கும் விதியின் புத்தகம்.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஆட்கள் ‘சேலஞ்சர்ஸ் ஆஃப் தி அன்நோன்’ குழுவினர். விமான விபத்தில் செத்திருக்க வேண்டியவர்கள், தப்பிப் பிழைத்து ‘இரவல் ஆயுளில்’ வாழ்கிறவர்கள் என்பதுதான் 1950களிலிருந்தே அவர்களுடைய முன்கதை. கணக்கு முடிந்தவர்களுக்கு விதியின் ஏட்டில் ஏது பக்கம்? பழைய வரி ஒன்றை எடுத்துப் புதுக் கதையின் சாவியாக்கிவிட்டார் வெய்ட். பழசைத் தெரிந்தவனுக்குக் கூடுதல் ருசி, தெரியாதவனுக்கும் குறை ஒன்றுமில்லை. பழைய தொடரை எழுப்புகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எங்கள் கட்சி என்னவென்றால், சங்கிலி இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு இதழும் தனக்கென்று ஒரு சிக்கலைத் தொடங்கி அதே இதழில் முடிக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இதழ்கள் அதைச் செய்கின்றன. ஐந்தாவது மட்டும் முன்கதை இல்லாமல் நிற்காது. உங்களிடம் இல்லாதது அதுவாக இருந்தால் ஆறாவதைத் தொடாதீர்கள். ஆறு இதழையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

ஜார்ஜ் பெரஸ் போனதும் தொடர் படுத்துவிட்டது. இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்? (கும்பகோணம் வாசகர்)

தயக்கம் இல்லை, பாதி உடன்பாடு. ஓவியர் பெரஸ் வரைந்தது 2007 தொடரின் முதல் 10 இதழ்கள். ஒரு பக்கத்தில் ஒன்பது பத்து கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பின்னணி, கூட்டத்தில் நிற்பவனுக்கும் தனி முகம் என்று உழைத்தவர் அவர். 11ஆவதிலிருந்து வந்த ஜெர்ரி ஆர்ட்வே பழைய பாணியில் தேர்ந்த கை. கட்டங்களைப் பெரிதாக்கி மூச்சுவிட இடம் கொடுத்தார். அது சரிவு அல்ல, வேறு நடை. உண்மையான தடுமாற்றம் 16ஆவது இதழோடு வெய்ட் விலகிய பிறகுதான். அதன் பிறகு ஆளுக்கொரு கதையாக அலைந்தது. 27ஆவதில் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி வந்து தனிக்கதை முறைக்குத் திருப்பினார். அவருடைய 33ஆவது இதழில் மூன்று பெண் நாயகிகள் ஒரு மாலையைச் சேர்ந்து கழிக்கிறார்கள்; பாராட்டியும் திட்டியும் இன்றுவரை பேசப்படுவது அது. 2010இல் 35ஆவது இதழோடு தொடர் நின்றது. 17 முதல் 26 வரை உள்ளவற்றை விட்டுவிட்டுப் படித்தால் உங்கள் கோபம் பாதியாகக் குறையும்.

எந்த இரண்டு ஹீரோ சந்தித்தாலும் முதலில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்களே, ஏன்? (மன்னார்குடி வாசகர்)

பக்கக் கணக்குதான் காரணம். அந்தக் கால இதழில் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 பக்கம். அதற்குள் இரண்டு பேரையும், அவர்களுடைய சக்தியையும், வில்லனையும் காட்டி முடித்தாக வேண்டும். ‘இவருக்கு இன்ன இன்ன சக்தி’ என்று வசனத்தில் சொன்னால் சலிப்பு. சண்டைபோட வைத்தால் மூன்றே பக்கத்தில் இருவரின் பலமும் பலவீனமும் வாசகனுக்குத் தெரிந்துவிடும். மார்வெல் நிறுவனத்தின் கூட்டணித் தொடரான ‘மார்வெல் டீம்-அப்’ 1972 முதல் 1985 வரை 150 இதழ் ஓடியதில் இந்தச் சூத்திரம் தேய்ந்தே போனது.

அது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சண்டை முடிந்ததும் சமாதானம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ‘அடடா, நீ நல்லவனா?’ என்று ஒரே வசன பலூனில் முடிந்தால் அது பக்கம் நிரப்பும் வேலை. சண்டைக்கு இருவரிடமும் உண்மையான காரணம் இருந்து, அது கடைசிப் பக்கம்வரை லேசாகவாவது உறுத்திக்கொண்டிருந்தால் எழுத்தாளர் உழைத்திருக்கிறார். இன்னொரு சோதனையும் உண்டு: இரண்டாவது நாயகரைத் தூக்கிவிட்டு வேறு யாரையாவது போட்டுப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் அது கூட்டணிக் கதை இல்லை, கெஸ்ட் ரோல்.

இதற்கு நேர் எதிர் பாப் ஹேனி. பழைய தொடரில் ஏகப்பட்ட பேட்மேன் கதை எழுதியவர். இரண்டாம் உலகப் போர் வீரர் சார்ஜெண்ட் ராக்கை 1971இல் நிகழ்காலத்துக்கே கொண்டுவந்து பேட்மேனோடு நிறுத்தினார். வயது என்ன, மற்றப் புத்தகங்களில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் கவலைப்படவே இல்லை. அவர் கதைகளுக்கென்றே ‘எர்த்-பி’ என்று கிண்டலாகத் தனி உலகம் ஒதுக்கிவிட்டார்கள். ஜிம் அப்பாரோவின் படங்களோடு இன்று படித்தாலும் வேகம் குறையவில்லை.

நம்ம இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் ஒரே கதையில் வந்தால் எப்படி இருக்கும்! யாராவது செய்வார்களா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

செய்துவிட்டார்கள். ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடர், 2005–2006இல், டிசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு வெளியிட்டது. கதைக்கரு ஆலன் மூர். எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். பழைய பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை நாயகர்களையும் வில்லன்களையும் அரசாங்கம் சிறையில் பூட்டி வைத்திருக்கிறது என்பதே கதை. நாம் முத்து, லயன் காமிக்ஸில் பார்த்துப் பழகிய மூவரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் சிறுவயது நினைவோடு போனால் ஏமாற்றம்தான். இது இருண்ட கதை, தோளில் கைபோட்டுச் சிரிக்கும் மாயாவியை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் ஸ்பைடரை ஸ்பைடர்மேனோடு குழப்பியிருக்கிறீர்கள். நம்முடைய ஸ்பைடர் 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வாரப் பத்திரிகையில் பிறந்த குற்றச் சக்கரவர்த்தி. மார்வெலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். மாயாவி 1962இல் ‘வேலியண்ட்’ பத்திரிகையில் வந்தவர், ரோபோ ஆர்ச்சி வந்தது 1952இல். மூவருமே இன்று ரெபல்லியன் நிறுவனத்தின் கையில் இருப்பதால் மறுபதிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

கடலோரம் வீடு. காமிக்ஸின் பின்கள் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வருகிறது. பூச்சி வேறு. என்ன செய்வது? (நாகப்பட்டினம் வாசகர்)

உப்புக்காற்றுக்கு முதல் பலி பின்தான். துரு காகிதத்தில் இறங்கினால் அந்த இடம் பொடிந்துவிடும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, வெளிப்புறமாக மெதுவாக எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் அட்டை கிழியும். பழைய ஓட்டைகள் வழியாகவே துருப்பிடிக்காத ஸ்டீல் பின் அல்லது வெள்ளைப் பருத்தி நூல் போட்டால் போதும். விலைமதிப்புள்ள இதழ் என்றால் பின்னைத் தொடாதீர்கள். மாற்றினால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு இறங்கும்.

உறை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நோட்டுக்கு அட்டை போடும் பிவிசி பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அமிலம் கசிந்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை வாங்கி, உள்ளே அமிலமில்லாத வெள்ளை அட்டை ஒன்று வைத்து, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லேமினேஷனும் செலோ டேப்பும் கூடாது. டேப்பின் பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது.

ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். 65க்கு மேலே போனாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் புத்தகங்களை நிறுத்திவைத்து, ஒரு பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும். 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். மழை நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள், தை மாசியில் வெயில் படாத அறையில் திறந்து காற்றாட விடுங்கள். பரணில் மட்டும் வேண்டாம்: ஓட்டு வீட்டில் ஒழுகும், மாடி வீட்டில் வெந்துபோகும். குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது.

ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கலாம், ஓரளவு விரட்டும். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்காதீர்கள், பச்சைக் கறை படியும். பூச்சி விழுந்த இதழைக் காற்றுப் புகாத உறையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் பூத்துவிடும்.

கஜா புயலில் நனைந்து கட்டியாகிப்போன புத்தகங்களைப் பிரிக்க முடியுமா? (வேதாரண்யம் வாசகர்)

2018 நவம்பரில் நனைந்து அப்படியே காய்ந்தது என்றால் காகித வகையைப் பொறுத்தது. பழைய சாணித்தாள் இதழ்களை நீராவி காட்டி, தட்டையான பனைமட்டைச் சீவலோ மூங்கில் சீவலோ நுழைத்து மெதுவாகப் பிரித்துவிடலாம். 2007க்குப் பிந்தைய அமெரிக்க இதழ்கள் வழவழப்பான பூச்சுத் தாள். ஒருமுறை ஒட்டிக் காய்ந்தால் மை பெயர்ந்துதான் வரும். அடுத்த முறை நனைந்தால் காயவிடாதீர்கள். பூஞ்சை 48 மணி நேரத்தில் தொடங்கிவிடும். அதற்குள் ஈரத்தோடேயே பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் பிரித்து, நடுவே அச்சடிக்காத தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அலை அலையாக நெளியும்.

பத்து வயதுப் பெண்ணுக்கு எதில் தொடங்குவது? (மயிலாடுதுறை வாசகி)

பேட்மேன் கார்ட்டூன் ஒன்று 2008 முதல் 2011 வரை ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ என்ற பெயரிலேயே வந்தது. அதை ஒட்டி 2009இல் சிறுவர்களுக்கென்றே ஒரு காமிக்ஸ் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் தனிக்கதை, ரத்தமும் கிடையாது. கொஞ்சம் வளர்ந்ததும் 2022இல் அதே மார்க் வெய்ட் ஓவியர் டான் மோராவோடு தொடங்கிய பேட்மேன்–சூப்பர்மேன் கூட்டணித் தொடர் ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ கொடுங்கள்.

எங்கள் நூலக வட்டத்தில் பிள்ளைகள் இதழ் படித்துவிட்டு ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். எப்படி எழுதச் சொல்வது? (திருவாரூர் ஆசிரியை)

மூன்று கேள்வி கொடுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தித் திரும்பப் பார்த்தாய்? இரண்டு நாயகரில் யார் இல்லாவிட்டால் கதை நடக்காது, ஏன்? எந்தக் கட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை? மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். பலூன் வைத்த வரிசை தப்பினாலும் மொழிபெயர்ப்பு சறுக்கினாலும் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ‘மொக்கை’ என்பது இருக்கட்டும், பக்கம் எண்ணோடு எழுதினால் போதும். நல்லவற்றை நமக்கு அனுப்பிவையுங்கள், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி.