முடக்கு வாதத்துக்கு மரபணுப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 47. கடலில் பாசி எடுக்கப் போகிறவர். முடக்கு வாதம் என்று வாரம் 15 மி.கி. மீத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். நரம்பு ஏற்பியின் (செல்லின் மேல் இருந்து செய்தியை வாங்கும் புரதம்) மரபணுவைப் பார்த்தே மருந்தை முடிவு செய்யலாம், புகையிலையின் நிகோட்டினும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். அக்கா வெற்றிலையோடு புகையிலை போடுபவர். பரிசோதனை செய்யலாமா?
- வாசகர், ஏர்வாடி

பதில்: ஏற்பியைப் பற்றி உங்கள் மகன் படித்தது சரிதான். மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்புக்கு, மண்ணீரல் வழியாக அழற்சியைத் தணிக்கும் வேலையும் உண்டு. அங்குள்ள வெள்ளணுக்களில் இருக்கும் ஆல்ஃபா-7 ஏற்பி தூண்டப்பட்டால், மூட்டை வீங்கவைக்கும் டி.என்.எஃப். என்ற புரதம் சுரப்பது குறையும். இந்த ஏற்பியின் மரபணுவில் பாதி நகலாகி, மனிதரிடம் மட்டும் தனி மரபணுவாக இருக்கிறது. அது ஏற்பியை மட்டுப்படுத்தும். எத்தனை நகல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதியும் தந்தது, விலை உயர்ந்த ஊசி மருந்துகளும் கைகொடுக்காதவர்களுக்கு.

ஆனால் அந்த மரபணுவைப் பார்த்து மருந்து எழுதும் வழக்கம் இன்றைய சிகிச்சையில் இல்லை. அந்தப் பணத்தை ரத்த அணு, கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனைகளுக்கு வையுங்கள்: முதலில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, நிலைப்பட்டபின் 3 மாதத்துக்கு ஒருமுறை.

புகையிலை மருந்தாகாது. புகைப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது, மீத்தோட்ரெக்சேட்டும் சரியாகக் கேட்பதில்லை. மெல்லுவதில் வாய்ப்புற்று அபாயம் போக இன்னொரு சிக்கல்: மருந்து உடம்பில் மிஞ்சினால் முதலில் காட்டிக்கொடுப்பது வாய்ப்புண், சுண்ணாம்பு பட்ட புண் என்று அதை விட்டுவிடுவார்கள்.

மாத்திரை வாரம் ஒரே நாள்தான். 2.5 மி.கி. மாத்திரை என்றால் ஆறு. கடையில் 10 மி.கி. அட்டை கொடுத்துவிட்டால் அதே ஆறு 60 மி.கி. ஆகிவிடும். அட்டையைப் படித்துப் பார்த்து, "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. வேறொரு நாளில். மீத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கி ரத்த அணுக்கள் சரிந்து வருவது இன்னும் நடக்கிறது.

மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. வெயிலில் நீர் வற்றிய உடம்போடு, கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையையும் போட்டால் மீத்தோட்ரெக்சேட் தேங்கும். கடலுக்குப் போகும்போது குடிதண்ணீர் கட்டாயம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மீத்தோட்ரெக்சேட்டோடு கோட்ரைமாக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை வாங்கிப் போட்டுவிடவே கூடாது. வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனை.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் கேட்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.