அப்பாவின் யாஷிகாவைத் தைப்பூசத்துக்கு எடுத்துப் போகலாமா?

கேள்வி: எழுபதுகளில் அப்பா வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா பல வருடமாகத் தோல் உறையோடு அலமாரியில் கிடந்தது. லென்ஸுக்குள் மெல்லிய நூல் போல ஏதோ தெரிகிறது. பழைய பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. வரும் தைப்பூசத்தில் இதில் படம் எடுக்க ஆசை. பழுது பார்க்கக் கொடுப்பதா, வேறு கேமரா வாங்குவதா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் மலிவான ஃபிலிம் ரோல் ஒன்றைப் போட்டு, வீட்டைச் சுற்றிப் பகல் வெளிச்சத்தில் எடுத்துக் கழுவிப் பாருங்கள். காவடி ஊர்வலம் வருடத்துக்கு ஒரு முறைதான். அதற்கு முதல் ரோலோடு போகாதீர்கள்.

கேமராவைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மேலே இடப்பக்கம் ஃபிலிமைச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். குமிழ் எளிதில் சுழலாமல் இறுகினால் உள்ளே அப்பா போட்ட ரோல் இன்னும் இருக்கிறது. அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு முழுவதும் சுற்றிய பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். வெளியே எடுத்த ரோலில், அதைக் கழுவும் முறையின் பெயராக, சி-41 என்று அச்சிட்டிருந்தால் இன்றைய லேப்பில் கழுவலாம். சி-22 என்றிருந்தால் வண்ணம் வராது, கருப்பு வெள்ளையாகக் கழுவத் தெரிந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது அந்த நூல். அது பூஞ்சை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்குகிறது. ஆண்டு முழுக்க இதே கதை என்பதால் பழைய கேமராக்களுக்கு இங்கே வயதைவிடப் பெரிய எதிரி இதுதான். தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக வையுங்கள். அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் கேமராவை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், அதன் ஆவி லென்ஸுக்கும் உள்பாகங்களுக்கும் ஆகாது. 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். பூஞ்சை பக்கத்து லென்ஸுக்குத் தொற்றிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதன் வித்துகள் எப்படியும் எல்லா இடத்துக் காற்றிலும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால்தான் வளரும்.

ஓரத்தில் நாலைந்து நூல் இருப்பது படத்தில் தெரியவே தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால்தான் படம் வெளிறிப் போகும், விளக்குகளைச் சுற்றிப் புகை போலத் தெரியும். எவ்வளவு என்று பார்க்க, கேமரா காலி என்று உறுதியான பிறகு பின்கதவைத் திறந்து, பேட்டரி போட்டு, ஷட்டர் வளையத்தை பல்ப் நிலையிலும் (பட்டனை அழுத்தும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) லென்ஸ் துளையை முழுதாகத் திறக்கும் எஃப் 1.7இலும் வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸை நீங்களே கழற்றாதீர்கள்.

பேட்டரி கிடைக்காததற்குக் காரணம், அது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அந்த வகையே சந்தையிலிருந்து போய்விட்டது. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரோடு போட்டால் இந்தக் கேமரா ஏற்றுக்கொள்ளும். பேட்டரி சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். வழியில் பேட்டரி தீர்ந்தாலும் பயமில்லை, ஷட்டர் 1/500 நொடியில் இயங்கும்.

இன்னும் ஒன்றைக் காதால் பார்க்கலாம். ஃபிலிம் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் துண்டு கரைந்துவிட்டது. இந்த மாடலின் பிரபலமான நோய் இது, ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு தாறுமாறாகும். அப்போது சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா கடைகளில் விசாரியுங்கள். பின்கதவு ஓரத்துப் பஞ்சு கருப்புப் பிசினாகியிருந்தால் படத்தில் வெளிச்சம் கசியும். அதை மாற்ற அதிகம் செலவாகாது.

சரி, சோதனை ரோல் நன்றாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை இரவும் பகலும் காவடிகள் நடக்கும். கைப்பேசி போல நினைத்தபோது ஐஎஸ்ஓவை (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறன்) மாற்ற முடியாது, போட்ட ரோல் போட்டதுதான். இரவா பகலா என்று முன்பே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பகல். இந்தக் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/500 நொடிதான். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 போட்டால் மிகச் சிறிய துளையான எஃப் 16இலேயே 1/400 நொடி வேண்டும், கொஞ்சம் துளையைத் திறந்தாலும் வெளிச்சம் அதிகம் என்று சிவப்பு விளக்கு எரியும். கோடக் கோல்ட் 200 போட்டால் எஃப் 11இல் நிம்மதியாக எடுக்கலாம்.

எஃப் 11இல் இன்னொரு வசதியும் உண்டு. தூர வளையத்தை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து ஐந்தரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். நெரிசலில் ஒவ்வொரு படத்துக்கும் வ்யூஃபைண்டரின் மஞ்சள் கட்டத்தில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்துகொண்டிருந்தால் காவடி கடந்து போய்விடும். உயரமான காவடிக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தைக் கருப்பாக்கும். அந்தப் படத்துக்கு மட்டும் ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) வளையத்தை 200இலிருந்து 100க்குத் திருப்புங்கள், முகத்துக்கு இரு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அப்புறம் மறக்காமல் 200க்கே கொண்டுவந்துவிடுங்கள். வண்ண நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைச்சலைத் தாங்காது.

இரவுதான் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 800 ரோல், எஃப் 1.7 அல்லது 2. மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் 1/30க்குக் கீழே போய்விட்டது, நடப்பவர் கலங்கித்தான் வருவார்.

லென்ஸ் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடி இருந்தாலும் வ்யூஃபைண்டரில் எல்லாம் அழகாகத் தெரியும், 36 படமும் கருப்பாக வரும். எம்ஆர்டியின் குளிரிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் வியர்க்கும், கொஞ்ச நேரம் பையை மூடியே வைத்திருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ரோலானால் முந்தின இரவே வெளியே எடுத்து வையுங்கள், டப்பாவைத் திறக்காமல்.

எடுத்து முடித்த ரோலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், ஓரிரு நாளில் லேப்பில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போதே நெகட்டிவ் திருப்பி வேண்டும் என்று சொல்லுங்கள். சில இடங்களில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு, கேட்டு வராத நெகட்டிவைக் கொஞ்ச நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.