நாய் பிஸ்கட்டில் பூஞ்சை ஏன்?

கேள்வி: எங்கள் நாய்க்குக் கேழ்வரகும் பரங்கிக்காயும் சேர்த்து ஓவனில் பிஸ்கட் சுட்டேன். மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: உள்ளே ஈரம் தங்கியதுதான் காரணம். பரங்கியைத் தண்ணீரில் வேகவிடாமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பரங்கி விழுது 100 கிராம், முட்டை 1. வேறு தண்ணீர் வேண்டாம்; சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கேழ்வரகு மட்டும் போட்டால் தேய்க்கும்போதே உடையும், அதற்காகத்தான் கோதுமை. 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, 160 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். பாதியில் திருப்பிப் போடுங்கள். ஓவனை அணைத்தபின் ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். முழுக்க ஆறியபின் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். 'மடக்' என ஒடியாமல் வளைந்தால் மறுபடி 120 டிகிரியில் 20 நிமிடம். சூட்டோடு டப்பாவில் அடைக்கவே கூடாது.

உப்பு, வெல்லம் தேவையில்லை. வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பதானால் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் ஒரு இனிப்பு) இல்லையென உறையில் பார்த்தே வாங்குங்கள். சைலிட்டால் நாயின் உயிரையே பறிக்கும். பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிக் கொடுக்காதீர்கள், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.